பரோலோவைக் கடைசியில் திறங்கள்: பியமோன்தே ஒயினுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இத்தாலியின் பியமோன்தே பக்கம் முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள்: பரோலோ என்ற சிவப்பு ஒயின். காசைக் கொட்டி ஒரு பாட்டில் வாங்கி, அன்று ராத்திரியே திறந்து, வாயெல்லாம் துவர்த்துப் போய், "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்கிறார்கள். பாட்டில் மேல் குற்றமில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஒன்றாம் வகுப்பில் எடுத்தால் யாருக்கும் புரியாது. அந்த ஊர்க்காரர்களே தினமும் பரோலோ குடிப்பதில்லை. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் இருப்பது தொல்செத்தோ, பர்பேரா என்ற எளிய ஒயின்கள்தான்.

பியமோன்தேயை ஆங்கிலத்தில் பீட்மான்ட் என்பார்கள். இத்தாலியின் வடமேற்கு மூலை, தலைநகர் துரின், மேற்கிலும் வடக்கிலும் ஆல்ப்ஸ். பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஊராக இருந்தும் கபர்னே, மெர்லோ போன்ற பிரெஞ்சுத் திராட்சைகள் இங்கே பெரிதாக வேர்விடவில்லை. நட்டவர்கள் உண்டு. ஆனால் ஊரின் பெயரைச் சொல்வது இன்றும் நாட்டுத் திராட்சைகள்தான். லாங்கே, ரொயேரோ, மொன்ஃபெர்ராத்தோ ஆகிய குன்றுப் பகுதிகளின் திராட்சைத் தோட்டங்களை 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

முதல் படி: தனாரோ ஆற்றைக் கண்டுபிடியுங்கள்

மேப்பைத் திறந்து ஆல்பா என்ற ஊரைத் தேடுங்கள். அதை ஒட்டி ஓடுவது தனாரோ ஆறு. ஆற்றுக்கு வடக்கே ரொயேரோ, மணல் கலந்த மண். தெற்கே லாங்கே, சுண்ணாம்பும் களிமண்ணும் சேர்ந்த மண். ஆல்பாவுக்குத் தென்மேற்கில் பரோலோ, வடகிழக்கில் பர்பரெஸ்கோ. ஆற்றோடு கீழே போனால் ஆஸ்தி நகரம், அதைச் சுற்றி மொன்ஃபெர்ராத்தோ குன்றுகள். தொடக்கத்துக்கு இது போதும்.

ஒன்றை மட்டும் இப்போதே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பரோலோவும் பர்பரெஸ்கோவும் ஊர்ப்பெயர்கள். நெபியோலோ, பர்பேரா, தொல்செத்தோ, மொஸ்காத்தோ எல்லாம் திராட்சையின் பெயர்கள். பர்பரெஸ்கோவும் பர்பேராவும் காதுக்கு அண்ணன் தம்பி போல இருக்கும், உறவே கிடையாது. பர்பரெஸ்கோ முழுக்க முழுக்க நெபியோலோவில் செய்வது. கடைகளில் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டாம் படி: லேபிளுக்கு முன்னால் சரிவைப் படியுங்கள்

லா மோர்ரா கிராமத்தின் உச்சியில் பார்வை மேடை ஒன்று இருக்கிறது. கட்டணம் இல்லை. காலையில் போய் நின்றால் எதிரே குன்றுக்குப் பின் குன்றாக விரியும். எல்லாச் சரிவும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், எந்தத் திராட்சைக்கு எந்த இடம் என்பது தலைமுறை தலைமுறையாக முடிவானது.

நெபியோலோ முன்னதாகத் துளிர்க்கும், கடைசியாகப் பழுக்கும். அதனால் வசந்தகாலப் பனிக்கும் மாட்டும், அக்டோபர் மழைக்கும் மாட்டும். அவ்வளவு நாள் கொடியிலேயே தொங்கிப் பழுக்க வேண்டுமானால் வெயில் நிறைய வேண்டும். ஆகவே தெற்குப் பார்த்த சரிவு அதற்குத்தான். குளிர்காலப் பனி எந்தச் சரிவில் முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோ நடு என்பது அந்தக் காலத்து விவசாயிகளின் கணக்கு. இன்றைய பரோலோ சட்டமும் அதே கணக்கைத்தான் எழுதிவைத்திருக்கிறது: கடல்மட்டத்திலிருந்து 170 முதல் 540 மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும், நேர் வடக்குப் பார்த்த சரிவு கூடாது, பள்ளத்தாக்கின் அடித்தளமும் கூடாது.

அடுத்த தரத்துச் சரிவு பர்பேராவுக்கு. சீக்கிரம் பழுக்கிற தொல்செத்தோவுக்குக் குளிர்ந்த மூலைகளும் உயரமான இடங்களும். திராட்சைக்கு ஆகாத இடமெல்லாம் ஹேசல்நட் தோப்பு. அந்தக் கொட்டைதான் ஆல்பாவில் ஃபெரேரோ கம்பெனியின் நுட்டெல்லா பிறக்கக் காரணம்.

இந்த வட்டாரத்தில் ஒரு பாட்டிலை எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் திராட்சைக்கு அந்த ஊரில் நல்ல சரிவு கிடைத்ததா, மிச்சம் மீதி கிடைத்ததா? பரோலோ பக்கம் நெபியோலோ ராஜா, பர்பேராவுக்கு மிச்ச இடம். ஆஸ்திக்குத் தெற்கே நீட்சா ஊரைச் சுற்றி நிலைமை தலைகீழ். அங்கே தெற்குச் சரிவு பர்பேராவுக்கே. தொல்யானி ஊரில் அதே மரியாதை தொல்செத்தோவுக்கு. பேர்பெற்ற ஊரில் மலிவுத் திராட்சை வாங்குவதைவிட, மலிவுத் திராட்சைக்கு மரியாதை கொடுக்கிற ஊரில் வாங்குவது லாபம்.

மூன்றாம் படி: அறுவடை வரிசையில் ருசியுங்கள்

பறிக்கிற வரிசையே பழகுகிற வரிசையாகவும் அமைந்திருப்பது இந்த ஊரின் வசதி. மொஸ்காத்தோவும் அர்னேய்ஸும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடுவிலும், பிறகு தொல்செத்தோ, அடுத்து பர்பேரா, கடைசியில் நெபியோலோ. முன்பெல்லாம் நெபியோலோ அறுவடை அக்டோபர் நடுவில்தான். வெயில் கூடிவிட்டதால் இப்போது சில வருடங்களில் செப்டம்பர் கடைசியிலேயே கத்தரியை எடுத்துவிடுகிறார்கள்.

*அர்னேய்ஸ்.* ரொயேரோவின் வெள்ளைத் திராட்சை. பேரிக்காய் வாசம், மென்மையான புளிப்பு. இப்போது ஆல்பாவில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் கிடைக்கிறது என்பதால் நம்ப முடியாது, 1960களில் இது கிட்டத்தட்ட அழிந்துபோன கொடி. நெபியோலோ வரிசைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு நட்டுவைப்பார்கள். முன்னதாகப் பழுத்து இனிக்கிற பழத்தைப் பறவைகள் கொத்திக்கொண்டு போகட்டும், விலையுள்ள பழம் தப்பட்டும் என்று. வியெத்தி நிறுவனத்தின் ஆல்ஃப்ரெதோ குர்ராதோ 1967இல் இதைத் தனியாக ஒயினாக்கி மீட்டெடுத்தார். இன்னொரு ஒயின் தயாரிப்பாளரான புரூனோ ஜகோசாவும் இதில் பங்குள்ளவர்.

*தொல்செத்தோ.* ஊதா நிறம், கொட்டினால் மேசைவிரிப்பு போச்சு. புளிப்பு குறைவு, ஓரளவு துவர்ப்பு, முடிவில் பாதாம் பருப்பின் சிறு கசப்பு. ஒன்றிரண்டு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். தொல்யானியில் செய்வதன் லேபிளில் திராட்சையின் பெயர்கூட இருக்காது, தொல்யானி என்று மட்டும் போட்டிருப்பார்கள். புதியவர்களுக்கு முதல் சிவப்பு ஒயின் இதுதான் என்பேன்.

*பர்பேரா.* பியமோன்தேயில் மிக அதிகமாகப் பயிராகும் சிவப்புத் திராட்சை. நிறம் அடர்த்தி, துவர்ப்பு கம்மி, புளிப்பு தாராளம். வெண்ணெய், பாலாடைக்கட்டி, இறைச்சி என்று கொழுப்பான சாப்பாட்டுக்கு இந்தப் புளிப்புதான் ஈடுகொடுக்கும். நெடுங்காலம் இதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ரொக்கெத்தா தனாரோவில் ஜாக்கொமோ பொலோன்யா 1982 அறுவடைப் பர்பேராவைச் சின்ன ஓக் பீப்பாய்களில் வைத்து 'பிரிக்கோ தெல் உச்செல்லோனே' என்ற பெயரில் வெளியிட்ட பிறகுதான் நிலைமை மாறியது. பர்பேரா தாஸ்திக்கு, அதாவது ஆஸ்திப் பகுதிப் பர்பேராவுக்கு, 2008இலும் நீட்சாவுக்கு 2014இலும் மிக உயர்ந்த சட்டத் தகுதி வந்தது.

*நெபியோலோ.* இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1266இலேயே துரினுக்குப் பக்கத்து ரிவோலியின் கணக்கேடு ஒன்றில் இதன் பெயர் வருகிறது. கிளாஸில் ஊற்றிப் பார்த்தால் ஏமாற்றும். மெல்லிய சிவப்பு, வயது கூடக் கூட விளிம்பில் செங்கல் நிறம். எதிர்ப்பக்கம் விரலை வைத்தால் தெரியும். சாதுவான ஒயின் என்று நினைத்து ஒரு வாய் குடித்தால், பச்சை வாழைப்பூவைக் கடித்த மாதிரி ஈறும் நாக்கும் இறுகிவிடும். புளிப்பும் கூடவே ஏறும். ஆனால் மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் வேறு கதை: காய்ந்த ரோஜா இதழ், செர்ரி, தார் ரோட்டில் புதுசாக ஊற்றிய தார். தாரும் ரோஜாவும் எப்படிச் சேரும் என்று கேட்காதீர்கள். சேர்ந்திருக்கிறது. அந்தத் துவர்ப்பு அடங்க வருடங்கள் ஆகும். எனவே நெபியோலோவைப் பரோலோவில் தொடங்காமல் 'லாங்கே நெபியோலோ' அல்லது 'நெபியோலோ தால்பா' (ஆல்பாவின் நெபியோலோ) என்று எழுதியதில் தொடங்குங்கள். பல ஒயின் வீடுகளில், அதாவது ஒயின் செய்பவர்களிடத்தில், இளம் கொடிகளின் பழம் இதற்குத்தான் போகும். விலையும் பெரும்பாலும் பரோலோவில் பாதிக்கு மேல் போகாது.

*மொஸ்காத்தோ.* பறிப்பதில் முதல், குடிப்பதில் கடைசி. சாப்பாடு முடிந்து இனிப்போடு வைப்பார்கள். மொஸ்காத்தோ தாஸ்தியில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்தான், லேசான நுரை, திராட்சைப் பழத்தின் வாசம் அப்படியே. இதைச் சின்னப் பிள்ளைகளின் ஒயின் என்று இளக்காரமாகப் பேசுகிற 'நிபுணர்கள்' உண்டு. அவர்களோடு பயணம் போகாதீர்கள். கானெல்லி ஊரில் கார்லோ கான்சியா 1865இல் மொஸ்காத்தோவில் நுரைக்கும் ஒயின் செய்து காட்டினார். அங்கே பூமிக்கடியில் குடைந்த நிலவறைகளைக் கட்டாயம் பாருங்கள்.

இன்னும் சில பெயர்கள் கண்ணில் படும். வெளிறிய நிறமும் பிடிவாதத் துவர்ப்புமான கிரின்யோலீனோ, நெபியோலோவுக்கு நெருங்கிய சொந்தமான ஃப்ரேய்சா, வெர்தூனோவின் மிளகு வாசப் பெலாவெர்கா, நொவெல்லோவின் நஷ்செத்தா. தொர்த்தோனா குன்றுகளில் திமொராஸ்ஸோ என்ற வெள்ளைத் திராட்சையை 1980களில் வால்தர் மாஸ்ஸா என்ற விவசாயி ஏறக்குறையத் தனியாளாகக் காப்பாற்றினார். இன்று பெரிய பரோலோ வீடுகளே அங்கே போய் நிலம் வாங்குகின்றன. காஸ்தன்யோலே மொன்ஃபெர்ராத்தோவின் ருகேயைக் காப்பாற்றியவர் அந்த ஊர்ப் பங்குத்தந்தை தொன் ஜாக்கொமோ கௌதா.

நான்காம் படி: லேபிளில் எதைப் பார்ப்பது

முதலில் செய்தவர் பெயர். பிறகு ஊரோ திராட்சையோ. அதன் கீழே டி.ஓ.சி. அல்லது டி.ஓ.சி.ஜி. என்று இருக்கும். இவை எந்த வட்டாரத்து ஒயின், எந்த விதிப்படி செய்தது என்பதற்கான சட்டத் தகுதிகள், பின்னதுதான் மேல் தகுதி. அந்தப் பாட்டில்களின் கழுத்தில் எண் அச்சிட்ட அரசுப் பட்டை ஒட்டியிருக்கும். பரோலோவும் பர்பரெஸ்கோவும் 1980இல் இந்தத் தகுதியைப் பெற்றன.

பரோலோ 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். அறுவடை வருடத்து நவம்பர் 1 முதல் கணக்கு. அதாவது 2022இல் பறித்த பழம் 2026 ஜனவரிக்கு முன் கடைக்கு வர முடியாது. 'ரிசேர்வா' என்றிருந்தால் 62 மாதம். பர்பரெஸ்கோவுக்கு 26 மாதம், மரத்தில் 9. கொஞ்சம் முன்னதாகவே இளகிவிடும் என்பதால் கைப்பழக்கம் இல்லாதவர்கள் இரண்டில் பர்பரெஸ்கோவை முதலில் எடுப்பது நல்லது.

பரோலோ செய்ய அனுமதி பெற்ற ஊர்கள் 11. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மேற்கில் லா மோர்ரா, பரோலோ ஊர்களின் ஒயின் பொதுவாக வாசனை கூடியது, சீக்கிரம் இணங்கும். கிழக்கில் செர்ராலுங்கா, மொன்ஃபோர்த்தே ஊர்களுடையது கறாரானது, நாளாகும். ஊர்ப்பெயருக்குக் கீழே புஸ்ஸியா, புருனாத்தே, ரபயா மாதிரி தோட்டப் பெயரும் இருக்கலாம். பர்பரெஸ்கோ 2007இலும் பரோலோ 2010இலும் இந்தத் தோட்ட எல்லைகளைச் சட்டமாக்கின. தோட்டப் பெயர் இருந்தாலே உசத்தி என்று விற்பனையாளர் சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். அது இடத்தைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. புஸ்ஸியா மட்டுமே சுமார் 300 ஹெக்டேர். அதற்குள் எத்தனையோ சரிவு, எத்தனையோ திசை.

ஐந்தாம் படி: போகும் முன் கொஞ்சம் கதை

நிலவறையில் பேச்சுக்கொடுக்க இது வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நெபியோலோ ஒயின் பெரும்பாலும் இனிப்பாகவே நின்றுவிடும். அறுவடை தாமதம், நிலவறை குளிர், நொதிப்பு பாதியில் நின்றுபோகும். அதை முழுக்க நொதிக்கவைத்து இன்றைய வறண்ட ஒயினாக்கியது யார், ராணுவத் தளபதி ஸ்தாலியேனோவா பிரெஞ்சுக்காரர் உதார்த்தா என்று இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. கிரின்சானே ஊர் மேயராக இருந்த, பின்னால் இத்தாலியை ஒன்றாக்கிய காவூருக்கும், பரோலோவின் பிரபுப் பெண்மணி ஜூலியா ஃபல்லெத்திக்கும் இதில் பங்குண்டு. அரசர் கார்லோ ஆல்பெர்த்தோ ருசி பார்க்க ஆசைப்பட்டபோது அந்த அம்மாள் 325 வண்டி ஒயின் அனுப்பினார் என்றும், வருடத்தில் தவக்காலம் 40 நாள் போக நாளுக்கு ஒன்று என்றும் ஒரு கதை. உண்மையோ பொய்யோ, கணக்கு சரியாக வருகிறது.

எனக்குப் பிடித்தது பர்பரெஸ்கோ கதை. ஆல்பா ஒயின் பள்ளியின் தலைமையாசிரியர் தொமீத்சியோ காவாத்சா 1894இல் சிறு விவசாயிகளைச் சேர்த்துக் கூட்டுறவு தொடங்கினார். அதுவரை அந்தப் பழமெல்லாம் பரோலோ பெயரில் போய்க்கொண்டிருந்தது. முசோலினி காலத்தில் அது மூடப்பட்டது. போருக்குப் பிறகு இளைஞர்கள் துரினில் ஃபியட்டுக்கும் ஆல்பாவில் ஃபெரேரோவுக்கும் வேலைக்குப் போக, கிராமம் காலியாகத் தொடங்கியது. 1958இல் ஊர்ப் பங்குத்தந்தை தொன் ஃபியோரீனோ மரெங்கோ 19 குடும்பங்களைக் கூட்டி அதை மறுபடி உயிர்ப்பித்தார். முதல் மூன்று வருட ஒயின் கோயிலின் நிலவறையிலேயே உருவானது. இன்றும் 'ப்ரொதுத்தோரி தெல் பர்பரெஸ்கோ' நெபியோலோவைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. நல்ல வருடங்களில் ஒன்பது தோட்டங்களைத் தனித்தனியாக பாட்டிலில் அடைக்கிறது. செய்கிறவர் ஒன்று, வருடம் ஒன்று, சரிவு மட்டும் வேறு. இரண்டாம் படியில் சொன்னதை நாக்கில் சோதிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

1980களின் பீப்பாய்ச் சண்டையும் தெரிந்திருக்கட்டும். பழைய முறையில் பெரிய மரப்பீப்பாய், வருடக்கணக்கான காத்திருப்பு. புது ஆட்கள் 225 லிட்டர் பிரெஞ்சுப் பீப்பாயைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பாரிக் என்று பெயர். லா மோர்ராவின் எலியோ அல்தாரே 1983இல் அப்பாவின் பழைய பீப்பாய்களை மரம் அறுக்கும் இயந்திரத்தால் அறுத்தே போட்டார். அப்பா அவருக்குச் சொத்தில் பங்கில்லை என்று எழுதிவைத்தார். எதிர் அணியில் பர்த்தோலோ மஸ்கரெல்லோ தன் கையால் வரைந்த லேபிளில் "பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்" என்று, இத்தாலிய அரசியல்வாதியையும் சேர்த்து எழுதினார். இப்போது சூடு தணிந்து பலரும் பெரிய பீப்பாய்க்கே திரும்பிவிட்டார்கள். நிலவறையில் பீப்பாயின் அளவைப் பார்த்தாலே வீட்டின் கட்சி ஓரளவு தெரியும்.

1986ஐப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த வருடம் அது. அந்த ஒயின் புறப்பட்டதும் இந்த மாநிலத்திலிருந்துதான். நேர்மையாகச் செய்தவர்களும் சேர்ந்து அடிபட்டார்கள்.

ஆறாம் படி: நேரில் போவது

துரினிலிருந்து ப்ரா வழியாக ஆல்பாவுக்கு ரயில் உண்டு. கிராமங்களுக்குப் பஸ் குறைவு, கார் வேண்டும். இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சர்வதேச அனுமதிச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராம் என்பது எல்லை. லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். அதனால் ருசி பார்த்துத் துப்புங்கள். மேசையில் துப்புகிற பாத்திரம் வைத்திருப்பார்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான்.

சின்ன வீடுகளில் முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டு நேரம் வாங்க வேண்டும். உங்களுக்கு ஊற்றிக்கொடுப்பவரே காலையில் தோட்டத்தில் கத்தரி பிடித்தவராக இருப்பார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பல வீடுகள் திறப்பதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வீடு போதும், மூன்றாவது வீட்டில் நாக்கு மரத்துவிடும். அக்டோபர், நவம்பரில் ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் என்ற, மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளானின் சந்தை. ஊரே மணக்கும், ஓட்டல் வாடகையும் ஏறும். மே, ஜூன் சௌகரியம்.

நேரம் வாங்க முடியாவிட்டால் எனோதேக்கா எனப்படும் வட்டார ஒயின் கூடங்களுக்குப் போங்கள். பரோலோ கோட்டையின் கீழே ஒன்று, மேலே ஒயின் அருங்காட்சியகம். பர்பரெஸ்கோவில் வழிபாடு நின்றுபோன சான் தொனாத்தோ கோயிலுக்குள் ஒன்று. கிரின்சானே காவூர் கோட்டையில் 1967 முதல் இருப்பதுதான் மாநிலத்தில் முதலாவது. எல்லா வீடுகளின் பாட்டிலும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "கறி வேண்டாம்" என்றால் இந்த ஊரில் மீன் வந்துவிடும். நெத்திலியை அவர்கள் கறியில் சேர்ப்பதில்லை. பாஞ்யா கௌதா என்ற பூண்டுக் குழம்பே எண்ணெயில் கரைத்த நெத்திலிதான். "சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முட்டை ஆகுமென்றால் வெண்ணெயும் சேஜ் இலையும் போட்ட தயரீன் கேளுங்கள். மஞ்சள் கரு நிறையச் சேர்த்துப் பிசைந்து, நூலாக வெட்டிய சேவை. பர்பேராவோடு அபாரம்.

ஏழாம் படி: வாங்குவதும் கொண்டுவருவதும்

இந்தியாவுக்குத் திரும்புபவர்கள் ஆளுக்கு இரண்டு லிட்டர் மதுவகை சுங்கமில்லாமல் கொண்டுவரலாம். முக்கால் லிட்டர் பாட்டில் என்றால் இரண்டு. கைப்பையில் விடமாட்டார்கள், துணி சுற்றிப் பெட்டியில் வையுங்கள். எந்த இரண்டு? ஒன்று நீட்சா. மற்றது, நீங்கள் நேரில் நின்று பார்த்த சரிவிலிருந்து வந்த லாங்கே நெபியோலோ.

பரோலோவை இருபது வருடம் வைத்திருந்து மகள் கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்ற எண்ணம், வருடம் முழுக்க 12 முதல் 14 டிகிரியில் இருக்கும் அறை உள்ளவர்களுக்கு மட்டும். சென்னைச் சமையலறை அலமாரியில் இரண்டு கோடை தாண்டாது. வாங்கியே தீருவது என்றால் பத்து வருடமாவது ஆன பாட்டிலை எனோதேக்காவில் கேட்டு வாங்கி, அன்று மாலையே, மற்றவற்றையெல்லாம் ருசித்த பிறகு, அந்த ஊரிலேயே திறங்கள். பரிமாறும் சூடு 16 முதல் 18 டிகிரி, கிளாஸ் அகலமாக இருக்கட்டும், ஒரு மணி நேரம் முன்னதாகவே கார்க்கை எடுத்துவிடுங்கள். அடியில் வண்டல் இருக்கும். கடைசி இரண்டு விரற்கடையை ஊற்றாமல் விட்டுவிடுங்கள்.